சிற்றிலும் வகுப்பறையும்: சிங்கப்பூர்ப் பாலர்பள்ளித் தமிழாசிரியர் பயிற்சியில் குழந்தை நடத்தும் விளையாட்டு

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2003இல் வெளியிட்டு 2012இல் திருத்திய பாலர்பள்ளிப் பாடத்திட்டக் கட்டமைப்பு, ‘நோக்கமுள்ள விளையாட்டு’ என்பதைக் கற்பித்தல் நெறிகளுள் ஒன்றாக முன்வைக்கிறது. இத்தொடரில் ‘விளையாட்டு’ என்னும் பெயரைவிட ‘நோக்கமுள்ள’ என்னும் அடைமொழியே ஆய்வுக்குரியது. நோக்கம் யாருடையது? குழந்தை மகிழ்ந்து ஈடுபட வேண்டும். கற்றல் குறிக்கோளையோ ஆசிரியர் முன்னரே எண்ணி வைத்திருக்க வேண்டும். மணலும் நீரும் மரக்கட்டையும் வைத்து நடக்கும் விளையாட்டில் இவ்விரண்டும் பெரும்பாலும் முரண்படுவதில்லை. தமிழ் வகுப்பில் அவை வெளிப்படையாகவே மோதுகின்றன.

மோதலின் காரணம் மொழி. இல்லத்தில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றோர், ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்வாசிகளில் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. இச்சூழலில் குழந்தைகள் தாமே ஒரு கடை வைத்து விளையாடினால், கடையின் மொழியையும் தாமே தேர்வர்; அது ஆங்கிலமாக இருப்பதில் வியப்பில்லை. ஆசிரியர் ‘தமிழில் பேசுங்கள்’ என்ற கணமே கடைக்காரர் மாணவராகிவிடுகிறார், கடை மூடப்படுகிறது. வாளாவிருந்தால் தமிழுக்கென ஒதுக்கிய பொழுது ஆங்கிலத்தில் கழிகிறது. ‘குழந்தையின் போக்கில் விடுக’ என்று மட்டும் கூறும் பயிற்சி, தமிழாசிரியரின் உண்மையான இடர்ப்பாட்டை அறியாத பயிற்சியே.

சாரா சிமிலான்ஸ்கி இஸ்ரேலியக் குழந்தைகளின் நடிப்பு விளையாட்டைப் பற்றி 1968இல் வெளியிட்ட ஆய்வு இங்கு உதவும். ஆசிரியரின் தலையீட்டை அவர் இருவகையாகப் பிரித்தார்: விளையாட்டிற்கு வெளியே நின்று வழிகாட்டுதல், உள்ளே ஒரு பாத்திரம் ஏற்றுப் பங்குகொள்ளுதல். தமிழ் வகுப்பிற்கு இரண்டாவதே பெரும்பயன் தருவது. தமிழ் மட்டுமே அறிந்த ஒரு பாட்டியாக ஆசிரியர் கடைக்கு வந்து, ‘நேத்து வாங்கின தேங்காய் அழுகிப் போச்சு, மாத்திக் குடுப்பீங்களா?’ என்று கேட்கலாம். இப்போது தமிழ் கடைக்காரரின் தேவையாகிறது. மாற்றித் தருவதும், மறுப்பதும், கடையைப் பூட்டிவிட்டுப் போவதும் குழந்தையின் உரிமை. ஆயினும் அப்பாட்டி உடனே ‘இது என்ன நிறம்? இதற்குப் பெயர் என்ன?’ என்று தொடங்கிவிட்டால் நடப்பது விளையாட்டன்று. வேடமிட்டு வந்த வாய்மொழித் தேர்வு. இவ்வேறுபாட்டை விரிவுரையால் உணர்த்துவது அரிது. பயிற்சி ஆசிரியர்கள் தாமே கடைக்காரராகவும் பாட்டியாகவும் நடித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பாலர்பள்ளி ஆசிரியர் விவியன் பேலி கையாண்ட கதைமுறையையும் அளவறிந்தே ஏற்க வேண்டும். குழந்தை சொல்லும் கதையை ஆசிரியர் எழுதிக்கொள்வார். பின்னர் வகுப்பு அதனை நடிக்கும். குழந்தையின் சொல்லுக்கு அளிக்கும் மதிப்பே அம்முறையின் உயிர். சிங்கப்பூர்க் குழந்தை ‘டைனோசார் ஸ்லீப் பண்ணிச்சு’ என்று சொன்னால் ஆசிரியர் எதை எழுதுவது? ‘உறங்கியது’ என்று எழுதினால் கதை குழந்தையினுடையதாக இராது. சொன்னபடியே எழுதி, நடிக்கும்போது ‘டைனோசார் தூங்கிச்சு’ என்று பேச்சுத்தமிழில் எடுத்துரைப்பது தகும். திருத்தம் தாளில் விழாமல் செவியில் விழும். தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு 2005இல் பேச்சுத்தமிழுக்கு அளித்த அழுத்தத்தோடும் இது பொருந்துகிறது. இரட்டை வழக்கு என்னும் இச்சிக்கல் பேலியின் ஆங்கில வகுப்பறையில் எழவில்லை. ஆதலால் அவர் நூல்களில் இதற்கு விடை தேடுவது பொருந்தாது.

தமிழ் விளையாட்டு என்றதும் பல்லாங்குழியும் நொண்டியும் வகுப்பிற்குள் கொண்டுவரப்படுகின்றன. அவை போற்றத்தக்கவையே, எனினும் விதி முன்னரே வகுக்கப்பட்ட ஆட்டங்கள். குழந்தை தானே ஓர் உலகைப் படைக்கும் விளையாட்டிற்குத் தமிழ் வேறு பெயர்கள் வைத்திருக்கிறது: சிற்றில், சிறுசோறு, வண்டற்பாவை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்திலும், ஆண்டாளின் நாச்சியார் திருமொழி இரண்டாம் பதிகத்திலும், மணல்வீடு கட்டிய சிறுமியர் அதனைச் சிதைக்க வேண்டாமென வேண்டுகின்றனர். இவை பக்தி மரபின் பாடல்கள். கற்பித்தல் கொள்கைக்குச் சான்றாக இவற்றை நிறுத்துவது மிகையாகும். ஆனால் கட்டியவர்க்கே வீடு உரியது என்னும் எண்ணம் அவற்றில் உண்டு. பயிற்சிக்கான கலைச்சொற்களை மொழிபெயர்த்துத் திணறுவோர் இப்பெயர்களை எடுத்தாளாதது வியப்பளிக்கிறது.

எஞ்சியிருப்பது மதிப்பீடு. பாலர்பள்ளி ஆசிரியர் பயிற்சிகள் பல 2019இல் ஒரே தேசியக் கழகத்தின்கீழ் ஒன்றுசேர்க்கப்பட்டன. பொது நெறியொன்றை வகுக்க இஃது ஏற்ற வாய்ப்பு. முன்கூட்டி எழுதிய பாடக்குறிப்பைக் கொண்டு பயிற்சி ஆசிரியர் எடைபோடப்படும் வரை, குழந்தை பாதையை மாற்றும் ஒவ்வொரு கணமும் அவருக்கு இழப்பாகவே தோன்றும். விளையாட்டு முடிந்தபின் எழுதும் பதிவை மதிப்பீட்டிற்கு உரியதாக்கலாம். குழந்தை எவ்விடத்தில் திசை மாற்றியது, ஆசிரியர் எப்போது நுழைந்தார், எப்போது விலகினார், தமிழ் எப்போது தானாக வந்தது என்பவை அப்பதிவில் இடம்பெறும்.