சுஷிக்குப் பேரம் பேசினோமா?

போன மாதம் நண்பர்கள் ஐந்து பேர் கல்வராயன் மலைக்குப் போனோம். நீங்களும் இப்படிப் போயிருப்பீர்கள். ஒரு வேன், நொறுக்குத் தீனி, வழி நெடுக இளையராஜா. எங்களிடம் கூடுதலாக ஓர் ஐஸ் பெட்டி. அதற்குள்... சுஷி!

ஒரகடத்தில் ஜப்பான்காரர்களோடு வேலை பார்க்கும் நண்பன், முந்தின ராத்திரி சென்னையில் வாங்கியது. ‘‘அருவியில குளிச்சுட்டு சுஷி சாப்பிடுறோம்டா. எவனும் பண்ணியிருக்க மாட்டான்!’’ என்றான். உண்மைதான். எவனும் பண்ணக் கூடாது என்பது பிறகுதான் புரிந்தது.

கள்ளக்குறிச்சியில் காபி. கோமுகி அணையில் போட்டோ. மலையேறி, பெரியார் அருவியில் ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்தோம். அகோரப் பசி. பெட்டியைத் திறந்தால், சோறு விறைத்துப்போய் சாக்பீஸ் மாதிரி உதிர்ந்தது. பிடித்த கையோடு சாப்பிட வேண்டிய பண்டம் அது. ஐஸில் வைத்தால் அவ்வளவுதான். நல்லவேளை, உள்ளே பச்சை மீன் இல்லை, வெள்ளரிக்காய். ஆளுக்கு நாலு துண்டு. பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? துண்டு எழுபது ரூபாய் என்று கணக்குப் போட்டது.

சுஷியைக் குறை சொல்லவில்லை. அது நம் பழைய சோற்றுக்குப் பங்காளி. மீன் கெடாமல் இருக்க, உப்பும் சோறும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க வைத்ததுதான் ஆரம்பம். மீனைத் தின்றுவிட்டு, சோற்றைத் தூக்கிப் போடுவார்களாம்! பிற்பாடு சோற்றில் வினிகர் கலந்து வேலையைச் சுருக்கினார்கள். 19-ம் நூற்றாண்டில் இன்றைய டோக்கியோவின் தெருவோரக் கடைகளில் சக்கைப்போடு போட்டது. நம்ம ஊர் பஜ்ஜி மாதிரி. சொந்த ஊர்க்காரன் வாங்கித் தின்ற பண்டம்தான் உலகம் சுற்றியது.

சரி, இந்த மலையின் பண்டம் எது? சாமை. மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசும் மலைமக்கள்) தலைமுறை தலைமுறையாக விதைத்த தானியம். வெள்ளிமலையில் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் பரோட்டா இருந்தது. ஃப்ரைடு ரைஸ் இருந்தது. சாமைச் சோறு? ‘‘அதெல்லாம் இல்ல சார்.’’

2023-ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா-வே கொண்டாடியது. சென்னை ஓட்டல்களில் சாமைப் பொங்கல் கிடைக்கிறது. சாமை விளைந்த மலையில் ஒரு தட்டு இல்லை!

பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் ஆயாவிடம் புலம்பினேன்.

‘‘இப்ப யாரு தம்பி சாமை போடுறா? எல்லாம் மரவள்ளி. அதுலதான் காசு.’’

‘‘ருசியா இருக்குமே ஆயா...’’

சிரித்துவிட்டார். ‘‘உரல்ல போட்டுக் குத்தி, புடைச்சு, மறுபடி குத்திப் பாரு. அப்புறம் ருசியைப் பேசு. ரேஷன் அரிசி வந்துதான் எங்க கை தப்பிச்சுது.’’

எனக்குப் பேச்சே வரவில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அதைக் கிண்டல் செய்கிறவர்கள் அந்த ஆயாவின் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். பாரம்பரிய உணவு என்று உருகுகிறோமே, உலக்கை பிடித்தது யார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

கல்வராயன் மலையின் பெயர் வெளியே அதிகம் அடிபடுவது சாராய ஊறல் அழிப்புச் செய்திகளில்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியபோதும் போலீஸ் இந்த மலையில் ஏறித் தேடியது. தேடட்டும். கூடவே, உமி நீக்கும் மிஷின்களும் ஊருக்கு ஊர் ஏறட்டும். அருவிக்குப் பக்கத்திலேயே மலைப் பெண்கள் ஒரு சாப்பாட்டுக் கடை போடட்டும். நோகாமல் குத்திய சாமை, கூடவே சூடாக ஒரு குழம்பு... போதாதா?

அடுத்த முறை நீங்கள் போனால், கடை கடையாகச் சாமைச் சோறு கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் சமைக்க ஆள் வரும். பி.காம். முதல் வருஷப் பாடம் இது! கிடைத்தால், விலையில் மட்டும் பேரம் பேசாதீர்கள். விறைத்துப்போன ஒரு துண்டுச் சோற்றுக்கு எழுபது ரூபாய் கொடுத்தபோது, நாங்கள் பேசினோமா என்ன?