ஒரு சொல்லும் ஒரு மரமும்

நாட்டுப் பிரிவினையைப் பொருளாகக் கொண்ட வங்க நாவல்களுள் தலையாய ஒன்று, அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’. 1934இல் டாக்கா மாவட்டத்தில் பிறந்து 2019இல் மறைந்த அவருடைய நாவலைத் தமிழில் தந்தவர் சு. கிருஷ்ணமூர்த்தி.

கதைமாந்தருள் மறக்கவொண்ணாதவர் மணீந்திரநாத். கற்றவர், ஆங்கிலக் கவிதையில் தோய்ந்தவர். பாலின் என்னும் ஆங்கில மங்கையிடம் கொண்ட காதலைத் தந்தை தடுத்தமையால் சித்தம் கலங்குகிறார். அதன்பின் அவர் வாயினின்று மீண்டும் மீண்டும் எழுவது ஒரே சொல்: ‘கேத்சோரத்சாலா’. எம்மொழிக்கும் உரியதன்று அது. சினம், அன்பு, ஏக்கம் யாவும் அதனுள் அடங்குகின்றன. மொழிபெயர்ப்பாளர் அதற்குப் பொருள் தேடாமல் ஒலியை மட்டுமே தந்திருப்பது போற்றத்தக்கது.

இந்து, முஸ்லிம் மாந்தர் பலர் ஒருங்கே வருவதால் தொடக்கத்தில் வாசகர் சற்றுத் தடுமாறலாம். பொறுமையோடு தொடர்வோர்க்கு இறுதிப் பகுதி பெரும்பயன் தரும். பிரிவினைக்குப்பின் குடும்பம் புறப்படும்போது மணீந்திரநாத்தைக் காணோம். சிறுவன் சோனா, தாங்கள் இந்துஸ்தானம் சென்றுவிட்ட செய்தியைப் பெரியப்பாவுக்காக ஒரு மருதமரத்தில் செதுக்கி வைக்கிறான். பேச்சிழந்தவரும் எழுத்தைப் படித்தறிவார் என்பது அப்பிள்ளையின் நம்பிக்கை.

ஹௌராவில் சென்னை மெயில் ஏறினால் ஊர் சேரலாம் என்னும் உறுதி நமக்கு உண்டு. கீழை வங்கத்தினின்று சியால்தாவில் வந்திறங்கிய நம் அண்டை வீட்டார்க்கு அவ்வுறுதி இல்லை. அவர்கள் ஊரைப் பற்றிப் பேசுங்கால் நாம் எப்படிச் செவிமடுக்க வேண்டும் என்பதை இந்நூல் கற்பிக்கிறது. கொல்கத்தாத் தமிழர் இல்லந்தோறும் இருக்கத்தக்கது.