லிப்பி செயலியின் குறிச்சொற்களும் வாசிப்புப் பட்டியலும்: ஒரு மதிப்பீடு

பொது நூலகங்களின் மின்னூல்களை இரவல் பெற உதவும் லிப்பி செயலியை ஓவர்டிரைவ் நிறுவனம் 2017இல் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் முந்தைய ஏற்பாட்டில் இருந்த விருப்பப் பட்டியலின் இடத்தை, லிப்பியில் வாசகர் தாமே பெயரிட்டு அமைக்கும் குறிச்சொற்கள் பெற்றுள்ளன. இம்மாற்றம் பகுப்பியல் நோக்கில் கருதத்தக்கது.

அச்சுநூல் அலமாரியில் ஓரிடத்தில் மட்டுமே நிற்க இயலும். எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, நூற்பொருளின் பல முகங்களை ஒரே எண்ணில் கோத்தது. எனினும் அம்முகங்களுள் எது முன், எது பின் என்னும் வரிசை அதற்கும் இன்றியமையாததாயிற்று. குறிச்சொல் அத்தேவையை நீக்குகிறது. ஒரே நூல் 'புலம்பெயர்வு', 'மொழிபெயர்ப்பு', 'அடுத்து வாசிக்க' ஆகிய மூன்று பட்டியல்களிலும் ஒருங்கே இடம்பெறலாம்.

இவ்வுரிமையே அதன் குறையுமாகிறது. ரங்கநாதனின் முறையில் சொற்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. குறிச்சொல்லுக்கு அஃது இல்லை. ஒரே வாசகர் ஒருநாள் 'நாவல்' எனவும் மறுநாள் 'புதினம்' எனவும் குறித்தால், ஒருவகை நூல்கள் இரு பட்டியல்களாகப் பிரிந்துவிடும்.

மேலும், மின்னூல்கள் பலவற்றை நூலகம் உரிமத்தின் பேரிலேயே வழங்குகிறது. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011இல் ஓர் உரிமத்தை 26 இரவல்களுக்கு வரையறுத்தது. உரிமம் புதுப்பிக்கப்படாவிடில் நூல் நீங்கும். வாசகர் இட்ட குறி மட்டுமே எஞ்சும். ஆதலின் இப்பட்டியல் வாசகரின் நாட்டத்தைக் காட்டுமேயன்றி நூலிருப்பைக் காட்டாது. ஆய்வாளர் தம் நூல்விவரங்களைச் செயலிக்கு வெளியேயும் பதிந்துவைத்தல் வேண்டும்.