யாருக்கும் காட்ட வேண்டாத பக்கம்

சிறுசேரி சிப்காட் ஐ.டி. வளாகங்களில் மனநலப் பயிலரங்கு இப்போது பழகிப்போன ஒன்று. கிரேயானும் வெள்ளைத்தாளும் கொடுத்து மனதில் இருப்பதை வரையச் சொல்வார்கள். பிறகு அதைப் பற்றிச் சில வரிகள் எழுதச் சொல்வார்கள். ஜர்னலிங் என்று பெயர். இதில் மெய்யான பலன் உண்டு என்றே நம்புகிறேன். நடத்தும் விதம்தான் அதைக் கெடுக்கிறது.

அமெரிக்காவில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேருக்குக் களிமண், மார்க்கர், ஒட்டுப்படத் தாள் எல்லாம் கொடுத்து, 45 நிமிடம் விருப்பம்போல் ஏதாவது செய்யவிட்டார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சோதித்ததில், ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. 2016இல் வெளியான இந்த ஆய்வில், முன்பே வரைந்து பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. “எனக்கு வரைய வராது” என்று ஒதுங்குகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் குறைந்திருக்குமா என்பதற்கு அதில் விடை கிடையாது.

எழுத்தின் கதை இன்னும் சிக்கலானது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவத்தை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததோடு தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களின் மனம் முன்பைவிடக் கனத்திருந்தது. இந்தப் பின்பாதியை எந்தப் பயிலரங்கிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான்கு மணிக்குப் பழைய துக்கத்தைக் கிளறிவிட்டு, நாலரைக்கு கிளையண்ட் அழைப்பில் உட்கார வைக்கிறார்கள்.

2013இல் டேவிட் ஸ்பாரா குழுவினர், மணவாழ்க்கையில் பிரிந்தவர்களை எழுதவைத்துப் பார்த்தார்கள். நடந்ததற்கு அர்த்தம் தேடித் தேடி மனதுக்குள் அரைத்துக்கொண்டே இருக்கும் சுபாவக்காரர்களில், உணர்ச்சிகளை எழுதியவர்களைவிட அன்றாட வேலைகளை மட்டும் எழுதியவர்களே சீக்கிரம் தேறினார்கள். தோழி ஒருத்தியின் டைரியில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மீட்டிங்கில் வாய் திறக்காமல் இருந்ததைப் பற்றி ஒரு முழுப் பக்கம். வரிக்கு வரி “ஏன்”. பேனா அழுத்திய தடம் பின்பக்கத்தில் தெரிந்தது. அடுத்த பக்கத்தில், தன் வலது கையை மட்டும் வரைந்து, “மவுஸைப் பிடித்திருந்தேன், விரல் சில்லிட்டது” என்று எழுதியிருந்தாள். இரண்டாவதில்தான் அவளுக்குத் தன் பயம் பிடிபட்டது. முதல் பக்கம் அவளை அவளே விசாரிக்கும் காவல் நிலையமாக இருந்தது. ஆகவே முதலில் வரைவதும், பிறகு “ஏன்” என்பதை விட்டு “என்ன நடந்தது” என்று எழுதுவதும் பலருக்குப் பாதுகாப்பான வழி என்பது என் எண்ணம்.

சிறுசேரிக்கு வடக்கே, ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களை இந்தப் பயிலரங்குக்காரர்கள் பார்க்க வேண்டும். கட்டங்கள், கணக்குக் குறிகள், நெருக்கமான எழுத்துகள். ஆனால் எதையும் வாசிக்க முடியாது. அவை டைரிகள் அல்லதான். ஆனாலும், ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டு அதன் பொருளை யாருக்கும் தராமல் இருக்கலாம் என்ற உரிமையை எனக்குக் காட்டியவை அவைதான். அந்தக் கிராமத்து ஓவியர்கள் வயிற்றுப்பாட்டுக்குப் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள்; தங்கள் ஓவியம் சந்தையின் விருப்பத்துக்கு வளையாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இதற்கு நேர்மாறாக, நான் போயிருந்த ஓர் அலுவலகத்தில், வரைந்த தாள்களைப் பெயரோடு கேன்டீன் பக்கத்துக் கண்ணாடிச் சுவரில் ஒட்டினார்கள். மேனேஜர் பார்க்கும் சுவரில் யார் தன் கோபத்தை வரைவார்? சூரியனும் தென்னை மரமுமாகவே இருந்தன. தாளை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். மனம் தாங்காமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது என்பதை நடத்துகிறவர் தொடக்கத்திலேயே சொல்லட்டும். கிரேயான் வைத்தியருக்கு மாற்றல்ல. ஒரே டீமில் பலரும் தாமாகவே வந்து தூக்கமின்மையையும் நள்ளிரவு அழைப்புகளையும் பற்றிச் சொன்னால், அங்கே மாற்ற வேண்டியது ஷிப்ட் அட்டவணை.