பூட்டிய கதவும் பேய்க்கதையும்

தாம்பரம் என்ற பெயரைக் கேட்டவுடன் இறையியல் மாணவருக்கு, 1938ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய உலக அருட்பணி மாநாடும், அம்மாநாட்டுக்கென்று ஹெண்ட்ரிக் கிரேமர் எழுதிய பெருநூலும் நினைவுக்கு வரும். நாள்தோறும் மின்சார ரயிலில் போய்வந்த இறைமக்களுக்கோ வேறொரு தாம்பரம் உண்டு. கடற்கரை நிலையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய இப்பாதையின் நிலையக் கடைகளில், பிற்காலத்தில் மாத நாவல்கள் வரிசையாகத் தொங்கின. காதற்கதைக்கும் துப்பறியும் கதைக்கும் நடுவே பேய்க்கதைக்கும் அங்கே நிலையான இடம் இருந்தது. பி.டி. சாமியின் பேய்கள் மாம்பலத்தில் புறப்பட்டுப் பல்லாவரத்துக்குள் இரண்டு பேரைப் பழிவாங்கிவிடும். வாசகர் அமைதியாகக் குரோம்பேட்டையில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருவார்.

இவ்விதக் கதைகளை நாம் விரும்பிப் படிக்கிறவர்கள். போதகர் இல்லங்களிலும் இவை படிக்கப்படுகின்றன. விளக்கவுரை நூல்களுக்குப் பின்னால் வைக்கப்படுகின்றன என்பதே வேறுபாடு. பின்னால் வைக்கவேண்டிய தேவை என்ன என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவற்றைக் கண்டிக்கும் சொற்பொழிவுகள் நம்மிடையே நிறைய உண்டு. இவை தரும் இன்பம் எத்தகையது என்று ஆராய்ந்த எழுத்து அரிது.

அவ்வின்பம் வீட்டைச் சார்ந்தது. கார்த்திகை மழையில் மின்சாரம் நின்றுபோன இரவு. புறநகரின் ஏரிக்கரைத் தெருக்களில் தவளைச் சத்தம். ஒரே மெழுகுவத்தியைச் சுற்றி வீட்டார் யாவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் சொல்லத் தொடங்குகிறார். அச்சம் அங்கே இன்பமாகிறது, ஏனெனில் கதவு தாழிடப்பட்டிருக்கிறது. தாழிடக் கதவில்லாதவருக்குப் பேய்க்கதை இன்பம் தராது. அது செய்தியாகவே தோன்றும்.

இந்த இன்பத்தை மேனாட்டில் நன்றாக அறிந்திருந்தவர் எம்.ஆர். ஜேம்ஸ். 1924இல் வெளிவந்த புதிய ஏற்பாட்டுத் தள்ளுபடி ஆகமங்களின் ஆங்கிலப் பதிப்பினால் அவர் பெயர் நம் மாணவருக்கு அறிமுகமானதே. அதே அறிஞர்தாம் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் நாட்களில் தம் நண்பர்களுக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் பேய்க்கதைகளைப் படித்துக் காட்டினார். அவற்றின் முதல் தொகுதி 1904இல் வெளிவந்தது. பிரதி ஆராய்ச்சியில் அவ்வளவு கறாரானவர் இரவில் பேயை வரவழைத்தது முரண்பாடென்று நாம் கருதவில்லை. அவருடைய கதைகளிலும் ஆராய்ச்சியாளரே மாட்டிக்கொள்கிறார். பழைய சுவடி, பழைய சீழ்க்கை, பழைய கல்லறை ஆகியவற்றுள் ஒன்றைத் தொடக்கூடாத வேளையில் தொட்டுவிடுகிறார். அதன்பின் ஏதோ ஒன்று அவரைத் தொடர்கிறது.

இந்த இலக்கணப்படி பார்த்தால் தென்சென்னைப் புறநகரைவிடப் பொருத்தமான நிலம் வேறில்லை. பல்லாவரத்தில்தான் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ, பெருங்கற்காலத்து மக்கள் தம் இறந்தோரை வைத்துப் புதைத்த சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டியெடுத்தார். கால்கள் பல கொண்ட தொட்டி போன்றவை அவை. அவர்கள் அறிவார்வத்தால் தோண்டினார்கள். நாமோ அஸ்திவாரத்துக்காகத் தோண்டுகிறோம். அடுக்குமாடி வீட்டின் முதல் மாதத் தவணையைக் கட்டுகிற குடும்பம் யாருடைய சுடுகாட்டின்மேல் பால் காய்ச்சுகிறது என்பது மனைப்பத்திரத்தில் எழுதப்படுவதில்லை.

ஆயினும் பல்லாவரத்துப் பேழையிலிருந்து எழுந்து வரும் பேயை நாம் எந்தத் தமிழ்க் கதையிலும் சந்தித்ததில்லை. இது தற்செயலன்று. ஜேம்ஸின் பேய் பழமையானது, அந்நியமானது. அதற்கும் அகப்பட்டவருக்கும் உறவில்லை. தமிழ்ப் பேய் நமக்குத் தெரிந்தவர். கிணற்றில் விழுந்த அண்டைவீட்டு மருமகள், பங்கு கேட்டதற்காக அடித்துக் கொல்லப்பட்ட பங்காளி, பிள்ளைப்பேற்றில் இறந்த அக்காள். அது பழைய கடனைக் கேட்டு வருகிறது. பழையனூர் நீலியின் கதையை எண்ணுக. கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் அவனைத் தேடி வந்து, ஊர்ச்சபையார் முன் அவன் மனைவியென்றே வழக்காடுகிறாள். எழுபது வேளாளப் பெரியோர் விசாரித்து, அவனுக்குத் தீங்கு வராதென்று தம் உயிரைப் பிணைவைத்து, இருவரையும் ஒரே அறையில் விடுகிறார்கள். அவன் இறக்கிறான், சொன்ன சொல்லுக்காக அவர்கள் தீப்பாய்கிறார்கள். இக்கதையில் நம்மை அச்சுறுத்துவது நீலியைவிட அந்த விசாரணைதான். நல்லெண்ணமுள்ள பெரியோர் கூடி, முறைப்படி கேட்டு, தவறான கதவைத் தாழிடுகிறார்கள். செயற்குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய ஆயர்கள் இக்கதையை எளிதாகக் கடந்து போக முடியாது.

மாத நாவல்கள் இந்தக் கடன் என்னும் பொருளை எடுத்துக்கொண்டன, ஆனால் மலிவாக்கின. கொன்றவன் முழுக் கொடியவன். பேய் அவனைப் பழிவாங்குகிறது. அல்லது மந்திரவாதி ஒருவர் பேயை அடக்குகிறார். வாசகர் பேயின் பக்கமோ மந்திரவாதியின் பக்கமோ நிற்கிறார். கொன்றவனிடத்தில் தம்மைக் காணும்படி அவரை யாரும் வற்புறுத்துவதில்லை. இதற்கு விலக்குகள் உண்டு. 1981இல் குமுதத்தில் தொடராக வந்த சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ பேயை ஹாலோகிராம் என்னும் ஒளிக்கலை கொண்டு விளக்க முயலும். அந்த விளக்கமே வாசகரைப் பாதியிலேயே நிற்கவைத்துவிடும். 2024இல் காலமான இந்திரா சௌந்தர்ராஜன் காவல்தெய்வத்தையும் மர்மத்தையும் இணைத்து எழுதி, 1990களின் பிற்பகுதியில் ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடரின் வழியாக ஒரு தலைமுறையைப் போர்வைக்குள் அனுப்பினார். 2011இல் வந்த ‘காஞ்சனா’ திரைப்படத்தில், நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கையே பேயாக வருகிறார். அப்படத்தின் நகைச்சுவை நமக்கு உவப்பானதன்று. ஆனால் நிலத்துக்கும் கொலைக்கும் உள்ள தொடர்பை மனை விற்பனைக் காலத்தில் அது நினைவூட்டியது.

பெயரளவில் அத்திரைப்படம் நினைவூட்டும் மூத்த ஆக்கம் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. 1943இல் வெளிவந்த இச்சிறுகதையைத் தமிழ்ப் பேய்க்கதைகளின் தலையில் வைக்க நாம் தயங்கமாட்டோம். கதை எழுதிப் பிழைக்கும் ஒருவர், அவர் மனைவி, தூக்கம் வராத ஓர் இரவு, அறையில் நறுமணமாகத் தொடங்கிப் பிணநாற்றமாக மாறும் ஒரு வாடை. பின்னர் வாசலில் பிச்சைக்காரி ஒருத்தி வந்து நிற்கிறாள். அவள் மேல் இரக்கம் கொண்டு, வீட்டு வேலைக்கும் ஆள் வேண்டுமென்று மனைவி அவளை உள்ளே சேர்த்துக்கொள்கிறாள். கணவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மனைவியோ அவர் அச்சத்தைப் பொருட்படுத்துவதில்லை. நடந்தது என்னவென்று கதை இறுதிவரை தீர்த்துச் சொல்வதில்லை.

இக்கதையின் சிறப்பை அதன் திகிலில் காண்பவர் பலர். நாம் அதன் அடுக்களையில் காண்கிறோம். பேய் இங்கே சுவரைத் துளைத்துக்கொண்டு வரவில்லை. வேலைக்காரியாக, சம்மதம் பெற்று, தலைவாசல் வழியாக வருகிறது. வறியவளுக்கு இடம் கொடுத்தது தவறா? தவறென்று சொல்ல நம் வாய் எழாது. ஆனால் அவ்விரவின் வாடை நம் மூக்கிலும் இருக்கிறது. இரக்கத்தையும் அச்சத்தையும் ஒரே வாசலில் நிறுத்தி, எதையும் விலக்காமல் விட்டுவிட்ட துணிவு இக்கதைக்கு உரியது. இதை எழுதியவர் 1948இல் காசநோயால் இறந்தார். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரிமுத்து நிறுவிய சானடோரியம் அந்நோயாளிகளுக்கென்றே ஏற்பட்டது. அதன் பெயரே ரயில் நிலையத்துக்கும் ஆகி இன்றும் வழங்குகிறது. இருமல் கேட்டாலே வீட்டுக் கதவு சாத்தப்பட்ட காலம் அது. யாரை உள்ளே விடுவது என்பது அன்றைய வாசகருக்குக் கற்பனைக் கேள்வியாக இருந்திராது.

பேய்க்கு எப்போதும் பசி என்பது தமிழ் மரபு. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் படைக்கும் பேய்கள் பசியால் வாடி மெலிந்தவை. போர் முடிந்ததும் களத்திலேயே உலை வைத்துக் கூழ் அட்டு, பரிமாறி, உண்டு களிக்கின்றன. கொடூரத்தையும் அடுப்பங்கரைக் கலகலப்பையும் இப்படிக் கலந்த நூல் உலக இலக்கியத்தில் அரிதென்றே சொல்லுவோம். மேலும், நம் மரபில் பேய் என்ற சொல் இகழ்ச்சி மட்டுமன்று. காரைக்கால் அம்மையார் இறைவனிடம் பேயுருவை வேண்டிப் பெற்றார். மயிலாப்பூரில் தோன்றிய ஆழ்வார் அச்சொல்லையே பெயராகக் கொண்டிருக்கிறார்.

இப்பின்னணியோடு லூக்கா 24ஆம் அதிகாரத்தின் மாலைக் காட்சியைப் படித்தால் என்ன நிகழ்கிறது? உயிர்த்த ஆண்டவரைக் கண்ட சீடர்கள் ஓர் ஆவியைக் காண்கிறதாக எண்ணி நடுங்குகிறார்கள். அவர் உணவு கேட்டு வாங்கி உண்டு காட்டுகிறார். உண்பதால் அவர் ஆவியல்லர் என்பது தெளிவு என்று விளக்கவுரைகள் சொல்லும். பரணியைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இது சான்றாகாது. பசியே பேயின் அடையாளமாயிற்றே! ஆனால் அதற்குமுன் அவர் தம் கைகளையும் கால்களையும் பார்க்கச் சொல்லுகிறார். பேயின் கால் தரையில் பாவாது என்பது நம் கிராமங்களில் குழந்தையும் அறிந்த செய்தி. ஆகவே உணவைவிடக் காலே தமிழருக்குச் சான்று. இந்த வேறுபாட்டைச் சுட்டிய பிரசங்கத்தை நாம் கேட்டதில்லை.

இன்னும் ஆழமானது ஒன்று உண்டு. சீடர்கள் ஏன் அஞ்சினார்கள்? இறந்தவர் தோன்றினால் யாருக்கும் அச்சம் வரும் என்பது பொதுவான விடை. பேய்க்கதை வாசகர் அந்த விடையோடு நிற்கமாட்டார். அநியாயமாய்க் கொல்லப்பட்ட ஒருவர் மூன்றாம் நாள் திரும்பி வருகிறார். தம்மைக் கைவிட்டு ஓடியவர்கள் இருக்கும் வீட்டுக்கு வருகிறார். அவ்வீட்டின் கதவுகள் பூட்டியிருந்தன என்று யோவான் எழுதுகிறார். தமிழ்ப் பேய்க்கதையின் எல்லாக் கூறுகளும் அங்கே உள்ளன. அடுத்து வரவேண்டியது பழி. அதை எதிர்பார்த்து உடல் நடுங்கக் கற்றவருக்கே அவர் சமாதானம் சொல்லும்போது அச்சொல்லின் முழு எடை விளங்கும். நாமோ அவ்வசனத்தை ஆராதனையின் தொடக்கத்தில் நாள்தோறும் சொல்லிச் சொல்லி, அங்கே யாரும் எதற்கும் அஞ்சியிருக்கவே இல்லை என்பதுபோல் ஆக்கிவிட்டோம்.

இக்கதைகளின்மேல் நம் திருச்சபைகள் கொண்டுள்ள மனப்பான்மை இரண்டு வழிகளில் இயங்குகிறது. ஒன்று, மூடநம்பிக்கை என்று நகைப்பது. அருட்பணியாளர் காலத்திலிருந்தே நமக்கு வந்த வழக்கம் இது. கால்டுவெல் 1849இல் நெல்லைச் சீமையைக் குறித்து எழுதி, நாடார் சமூகத்தாரின் நீங்காத மனக்கசப்புக்கு ஆளான நூலில் இதன் குரலைக் கேட்கலாம். மற்றது, எழுப்புதல் கூட்டங்களின் வழக்கம்: பேய் உண்மையே, அதை அதட்டித் துரத்தவேண்டும் என்பது. முன்னது கல்வி கற்றோருடையது, பின்னது பாமரருடையது என்று பிரிப்பதை நாம் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே குற்றம் செய்கின்றன. பேய் என்ன சொல்ல வந்தது என்று எதுவும் கேட்பதில்லை. மேடைக்கு இழுத்து வரப்படுகிறவர்களுள் பெரும்பாலோர் பெண்களாக இருப்பது ஏன்? அவர்கள் வாயிலிருந்து வரும் பெயர் பல வேளைகளில் அதே வீட்டில் முன்பு இறந்த இன்னொரு பெண்ணின் பெயராக இருப்பது ஏன்? கதை கேட்கப் பழகிய போதகர், துரத்துவதற்குமுன் அந்தப் பெயருக்கு உரியவள் எப்படி இறந்தாள் என்று விசாரிப்பார்.

ஆயினும் எல்லாக் கதைகளையும் அருட்பணிக் கருவியாக்கிவிடுவதிலும் நமக்கு விருப்பமில்லை. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ அதற்கு இடங்கொடுக்காத கதை. அதுவும் 1943இல் வந்ததே. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் கந்தசாமிப் பிள்ளை கடவுளைச் சந்திக்கிறார்; காபி வாங்கிக் கொடுக்கிறார்; தாம் நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராக்கப் பார்க்கிறார்; வீட்டுக்கு அழைத்துப் போகிறார். பிள்ளையின் மகள் கடவுளோடு விளையாடுகிறாள். திகில் இல்லை, ஆனால் வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி இங்கேயும் மனித எல்லைக்கு அப்பாற்பட்டவரே. வரம் கொடுப்பதைவிடக் கூட இருந்து வாழ்வது கடினம் என்று கண்டுகொண்டு அக்கடவுள் விடைபெறுகிறார். மனுவுருவாதலைப் பற்றி வகுப்பில் பேசும்போது இக்கதையை மேற்கோளாக எடுத்தாளலாமே என்று நண்பர் ஒருவர் நம்மிடம் சொன்னார். எடுத்தாளலாம். ஆனால் முதலில் ஒருமுறை சிரித்துப் படித்துவிட்டு, பிறகு வகுப்புக்குக் கொண்டுபோகட்டும்.