பழி தூற்றலும் வழக்குரைத்தலும்

நாட்டு நடப்பைக் குறித்தும் அரசின் செயலைக் குறித்தும் குடிமக்கள் தம்முள் உரையாடுதல் இன்று தோன்றிய வழக்கம் அன்று. மன்றமும் பொதியிலும் திண்ணையும் தேநீர்க் கடையும் அவ்வுரையாடலுக்கு இடமாயிருந்தன. இன்று இணையமும் இடமாகியுள்ளது. இடம் மாறியதனால் உரையின் அளவும் விரைவும் மிகுந்தன என்பது வெளிப்படை. உரையின் தன்மையும் மாறிற்றா என்பதே ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு இலக்கியம் எங்ஙனம் துணைசெய்யும் என வினவுவார் உளராகலாம். அரசன் முறை தவறியபோது ஓர் ஊர் தன்னுள் என்ன பேசிற்று என்பதைக் காட்டும் பெருநூல் ஒன்று நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டமே அது. கண்ணகி அவையேறி வழக்குரைத்த திறம் பலகாலும் பலராலும் பாராட்டப் பெற்றுள்ளது. மதுரை மாந்தர் தம்முள் உரைத்த உரையோ அத்துணைக் கருத்துடன் நோக்கப் பெறவில்லை. நோக்கியோரும் ஊர்சூழ்வரியை அவலச் சுவைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வர். அல்லது அறத்தின்பால் நின்ற மக்களின் குரல் என்று போற்றுவர். யாம் அவ்வாறு கருதவில்லை. இளங்கோவடிகள் மன்னனைக் குறை கூறுமிடத்திலேயே மன்னனைக் குறை கூறும் மக்களையும் அளந்து காட்டுகின்றார் என்பதே எம் துணிபு.

ஊர்சூழ்வரியை ஒருமுறை ஊன்றிப் பார்ப்போம். ஒற்றைச் சிலம்புடன் தெருவில் வரும் கண்ணகியைக் கண்டு மதுரை மக்கள் மயங்குகின்றனர். இஃது என்னோ என்று முடியும் வினாக்கள் ஐந்து அவர்தம் வாயிலிருந்து பிறக்கின்றன. செங்கோல் வளைந்தது என்னோ, கொற்றம் சிதைந்தது என்னோ, குளிர்ந்த குடை வெப்பம் விளைத்தது என்னோ என்பன முதல் மூன்று. சிலம்பேந்திய புதுத் தெய்வம் ஒன்று நம்பொருட்டு வந்தது என்னோ, அழுதரற்றும் இவள் தெய்வமுற்றவள் போல்வது என்னோ என்பன பின் இரண்டு. மூன்று வினா மன்னனைப் பற்றியன. இரண்டு வினா கண்ணகியைப் பற்றியன. கோவலனைப் பற்றியது ஒன்றேனும் உண்டோ? இல்லை. குற்றம் நிகழ்ந்ததா, ஆராய்ந்தவர் யார், சான்று யாது, கொல்க என்ற ஆணை எவ்வாறு பிறந்தது என்று கேட்டவர் ஒருவரும் இலர். வினாவின் வடிவில் இருப்பினும் இவை வினாக்கள் ஆகா. விடை வேண்டாத புலம்பல்கள். செங்கோல் வளைந்தது என்று முதலடியிலேயே தீர்ப்பும் சொல்லியாயிற்று. அத்தீர்ப்பு உண்மை என்பதைக் காப்பியம் படிக்கும் நாம் அறிவோம். ஆயின் அதனைச் சொல்லிய மாந்தர் எதனைக் கொண்டு அறிந்தனர்? நான்காம் வினாவில் வரும் 'நம்பொருட்டு' என்னும் கருத்தும் நோக்கத்தக்கது. ஏதிலாள் ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையைக் காட்டிலும், அதனால் தமக்கு வரக்கூடிய தீங்கே அவர்தம் நெஞ்சில் முந்துகின்றது.

இவ்வுரைகளைச் சொல்லி முடித்த ஊரைப் பழி தூற்றும் குடிகளையுடைய ஊர் என்று அடிகள் சுட்டுகின்றார். தூற்றுதல் களத்து மேட்டுச் சொல். பொலி தூற்றுங்கால் பதர் காற்றிற் பறக்க, மணி நிலத்தில் நிற்கும். மதுரையார் தூற்றிய தூற்றலில் நின்ற மணி யாது? ஒன்றே ஒன்று. ஆரவாரித்த மக்களுட் சிலர் வெட்டுண்டு கிடந்த கணவனைக் கண்ணகிக்குக் காட்டினர். ஊரார் செய்தவற்றுள் பயன்பட்ட செயல் இஃதொன்றே. அஃது உரையன்று, உண்மை கிடந்த இடத்தைக் காட்டிய செயல். கூட்டத்தின் பேச்சு முற்றும் வீண் என்று தள்ளிவிடாதவாறு இவ்விடத்தில் அடிகள் நம்மைத் தடுக்கின்றார் எனலாம்.

கணவன் உடலைக் கண்ட கண்ணகி கேட்கும் வினாக்கள் வேறு வகையின. இவ்வூரில் பெண்டிர் இருக்கின்றனரா, சான்றோர் இருக்கின்றனரா, தெய்வம் இருக்கின்றதா என்று அவள் கேட்கின்றாள். இவ்வினாக்கள் அரசனை நோக்கியன என்று கொள்வது பொருந்தாது, ஊரை நோக்கியன. ஒருகணத்திற்கு முன்புதான் அவ்வூரார் அரசனை நெஞ்சாரப் பழித்தனர். அங்ஙனம் பழித்தோர் நிறைந்த தெருவில் நின்றுகொண்டே சான்றோர் உளரா என்று ஒருத்தி கேட்கின்றாள் என்றால், பழித்தல் சான்றாண்மைக்குப் போதுமானது அன்று என்பது பெறப்படும். பின்னர் அவள் அரண்மனை வாயிலுக்குத் தனியே செல்கின்றாள். உடன் சென்றார் எவரையும் காப்பியம் காட்டவில்லை.

ஊராரின் உரைக்கு முன்னரே நிகழ்ந்த மற்றோர் உரையாடலையும் இங்கு நினைத்தல் வேண்டும். கொலைக்களக் காதையில் ஊர்காவலர் கோவலனைச் சூழ்ந்து நிற்கின்றனர். அவர் கோவலன் தோற்றத்தை நோக்கி, இவன் கொல்லப்படத் தக்கவன் அல்லன் என்று சொல்லிவிடுகின்றனர். காண்டம் முழுவதிலும் அரசுப் பணியாளர் தம் கண்ணால் கண்டதைக் கொண்டு சொல்லிய நேர்மையான சொல் அஃது. அதற்குப் பொற்கொல்லன் என்ன விடை தந்தான்? நகைத்தான். பின்னர்க் களவு நூலை விரித்தான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வருக்கு எட்டுத் துணை உண்டு என்று எண்ணிக் காட்டினான், ஒவ்வொன்றிற்கும் விளக்கம் உரைத்தான், கதையும் சொன்னான். கேட்போர் மறுக்க இயலாத கல்விப் பெருக்கு அது. ஆனால் அதில் ஒரு சொல்லேனும் எதிரில் நின்ற கோவலனைப் பற்றியது அன்று. பின்னர் இளங்காவலன் ஒருவன் மழைநாள் இரவில் தன் வாளைக் கள்வன் ஒருவன் பற்றிய கதையைச் சொல்லி, வேந்தன் நம்மை வருத்துவான், செய்வது உரைமின் என்கின்றான். நடுநின்ற ஐயம் அச்சமாக மாறியது. அவ்வளவில் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசினான்.

இப்பகுதியைப் படிக்குந்தோறும், இன்று கைப்பேசி வழியே வந்து சேரும் நெடிய அரசியற் செய்திகளை யாம் நினையாமல் இருக்க முடிவதில்லை. எட்டுக் காரணங்கள், பத்துச் சான்றுகள் என்று எண்ணிட்டு வருவனவும், எழுதியவர் பெயரின்றி நூற்றுக்கணக்கானோர் கைமாறி வருவனவும் பொற்கொல்லனின் களவு நூலுக்கு உறவினவே. எண்ணிக்கை அறிவின் தோற்றத்தைத் தரும், அறிவாகாது. முதலில் ஐயுற்ற காவலரின் சொல் ஏன் தோற்றது என்று எண்ணிப் பார்த்தால், அது மறுக்கப்பட்டதனால் அன்று, மூடப்பட்டதனால் என்பது விளங்கும்.

இவற்றின் மறுதலையாக அமைந்தது வழக்குரை காதை. கள்வனைக் கோறல் கொடுங்கோல் அன்று என்று மன்னன் உரைக்கின்றான். கண்ணகி கோலையும் குடையையும் பற்றி அங்கே நெடிது பேசவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். தேவியின் சிலம்பின் பரல் முத்து என்கின்றான் மன்னன். வழக்கு இப்போது ஒரு சிறு வினாவாகச் சுருங்கிவிட்டது. சிலம்பை உடைத்துப் பார்த்தால் விடை தெரியும். ஊர் முழுவதும் கூடி ஐந்து பெரு வினாக்களாற் செய்ய இயலாததைப் பரல் யாது என்னும் ஒரு சிறு வினா செய்தது. மன்னனும் அவ்வினாவைத் தட்டிக் கழிக்கவில்லை. சிலம்பைக் கொணரச் செய்தான். உண்மை கண்டதும் தன்னையே கள்வன் என்றான். விடையிறுக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய இடம் தமிழில் அரிது.

கட்டுரை காதைக்கு வருவோம். அங்கே மதுரைத் தெய்வம் பாண்டியர் குலத்தின் நேர்மையைக் கண்ணகிக்கு எடுத்துரைக்கின்றது. இம்மன்னன் மறையோசை கேட்டதன்றி முறை வேண்டி அடிக்கும் மணியின் ஓசையைக் கேட்டதில்லை என்கின்றது. வணங்காத பகைமன்னர் பழிப்பதல்லது குடிமக்கள் பழி தூற்றும் கோலன் அல்லன் என்றும் கூறுகின்றது. குடி, பழி, தூற்றல் என்னும் அதே சொற்கள் மீண்டும் வருதல் காண்க. ஊர்சூழ்வரியில் குடிகள் பழி தூற்றினர் என்று கூறிய அடிகளே, இங்குத் தெய்வத்தின் வாயில் அதனை மறுக்கும் உரையை வைத்தது ஏன்? ஊர்சூழ்வரி அன்று நிகழ்ந்தது, தெய்வம் கூறுவது அதற்கு முந்திய வரலாறு என்று அமைதி கூறுதல் எளிது. அது போதாது. ஆராய்ச்சி மணி ஒலிக்கவில்லை என்பது முறை நிலைத்தது என்பதற்குச் சான்றாகுமா, மணியை அணுகுவார் இலர் என்பதற்குச் சான்றாகுமா? தெய்வம் தன் வாதத்திற்குக் காட்டும் வார்த்திகன் கதை இவ்வையத்தை வலுப்படுத்துகின்றது. குற்றமற்ற அந்தணன் ஒருவனை அரசனின் ஏவலர் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுதாள். ஐயை கோயிற் கதவு திறவாது நின்றது. அதன் பின்னரே மன்னன் வினவி, தவறறிந்து, அவனை விடுவித்துத் தங்காலும் வயலூரும் அளித்தான். மன்னன் நல்லன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஏவலர் செய்த தவறு அவனைச் சேர ஒரு கோயிற் கதவு வேண்டியிருந்தது.

குடிகளின் பழிமொழி அரசனைச் சேரும் முறையில் சேர்ந்ததற்குச் சான்று புறநானூற்றில் உண்டு. 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனை நோக்கி, மழை பொய்ப்பினும் விளைவு குன்றினும் உலகம் காவலரையே பழிக்கும் என்கின்றார். அப்பழி நேரியதா என்று அவர் வாதிடவில்லை. பழி உண்டு என்பதைச் செய்தியாக வைக்கின்றார். முறை வேண்டும்போது காண்டற்கு எளியனாதல், மழை வேண்டும்போது மழை பெய்தலை ஒக்கும் என்கின்றார். பாட்டின் பயன் யாது? செய்க்கடன் நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்புக் கூறும். பழி விண்ணப்பமாயிற்று, விண்ணப்பம் ஆணையாயிற்று. புலவர்க்கு அவையில் இடமிருந்தது, மதுரைத் தெருவில் நின்றார்க்கு இல்லை என்று மறுப்பார்க்கு யாம் உடன்படுவோம். அம்மறுப்பு அக்காலத்திற்குப் பொருந்தும்.

இன்று பொருந்துமா? 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஆழ்ந்தபோது, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தவர் யார், எப்போது, யார் ஆணையால் என்று இணையத்தில் எழுந்த பேச்சுக்கு அளவில்லை. அதே இணையத்தில் படகும் உணவும் வேண்டுவார் இருப்பிடம் அறிவிக்கப்பட்டதையும் மறத்தல் ஆகாது; வெட்டுண்ட உடலைக் காட்டிய மதுரையார் செயலோடு அது வைத்து எண்ணத்தக்கது. பேச்சில் மெய்யும் பொய்யும் விரவியிருந்தன. பரல் யாது என்னும் வினாவுக்கு விடை பின்னர் வந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பெற்ற கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை, ஏரியில் நீர் தேக்க இன்னும் இடமிருந்தும் நொடிக்கு 29,000 கன அடி நீர் தொடர்ந்து திறக்கப்பட்டதைக் குறை கூறிற்று. அவ்வறிக்கை வந்த நாளில் வெள்ளத்தைப் பற்றிய பேச்சுப் பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. தூற்றியவர் களத்தை விட்டு நீங்கிய பின்னர் மணி வந்து சேர்ந்தது.

வாயில் இல்லை என்று இன்று கூறுதல் அரிது. தமிழ்நாட்டில் 1997இலேயே தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றப்பெற்றது. 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் அலுவலர் விடை தரல் வேண்டும். ஆராய்ச்சி மணிக்கு ஒப்பானது இது. நாவும் கயிறும் உடையது. விடை தராமலும் குறைத்தும் தட்டிக் கழிப்பார் உளர் என்பது மெய்யே. ஆயினும் கேட்ட வினா தாளில் நிற்கின்றது. தட்டிக் கழித்ததும் தாளில் நிற்கின்றது.

அரசின் பக்கத்துக் குறையையும் சொல்லாது விடுதல் நடுநிலையாகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, பிறர் மனத்தைப் புண்படுத்தும் செய்தி என்ற பெயரால் மூன்றாண்டு வரை சிறையிட இடந்தந்தது. 2012இல் மும்பையை அடுத்த பால்கரில் முகநூற் குறிப்பொன்றிற்காக இளம்பெண்கள் இருவர் கைது செய்யப்பட்டனர். உச்சநீதிமன்றம் 2015 மார்ச்சு 24இல் அப்பிரிவை நீக்கிற்று. செவி கைக்கும் சொல்லைப் பொறுக்கும் வேந்தன் குடைக்கீழ் உலகம் தங்கும் என்ற வள்ளுவர் கருத்துக்கு அப்பிரிவு நேர் எதிரானது. பழி தூற்றலை யாம் குறை கூறுவது தூற்றுவாரைச் சிறையிட அன்று. தூற்ற இயலாத ஊரில் வழக்குரைப்பாரும் தோன்றார்.

மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன் சமய வாதியரைப் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறுக என்கின்றான். மாறுபட்டாரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது நீங்குக என்கின்றான். விழாவுக்கு வேண்டிய ஒழுங்கு அஃது. மதுரைத் தெருவுக்கு அவ்வொழுங்கு மட்டும் போதியிராது. சினம் கொள்ளாது இருத்தல் வேறு, பரல் யாது என்று கேட்டல் வேறு.

ஒன்று கூற எஞ்சியுள்ளது. மதுரையை எரியுண்ண விடுக்கும்போது அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்கித் தீத்திறத்தார் பக்கம் செல்க என்று கண்ணகி ஏவுகின்றாள். மன்னனைப் பழித்து ஏங்கிய அம்மக்கள் இவ்விரு பகுதியுள் எதனைச் சார்ந்தவர்? விலக்கப்பட்டோர் பட்டியலில் அவர்க்கெனத் தனியிடம் இல்லை. தீத்திறத்தார் என்றும் அவர் பெயர் பெறவில்லை. அடிகள் அவரை எரியும் நகரத்தின் தெருவிலேயே விட்டுச் செல்கின்றார்.