மாச்சுஷ் ராஜாவும் ஒரு சின்னக் கோர்ட்டும்

குழந்தைகளுக்குச் சட்டம் தெரிய வேண்டும் என்கிறவர்கள் சாதாரணமாக ஒரு கையேட்டை அச்சடிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். உனக்கு இன்ன இன்ன உரிமை உண்டு என்று வரிசையாக இருக்கும். குழந்தை ஒப்பிக்கும், மறக்கும். கதை இதைவிட நன்றாகச் செய்யாதா?

செய்யப் பார்த்தவர் யானுஷ் கோர்ச்சாக் என்ற போலந்து டாக்டர். 1923-ல் வெளிவந்த அவருடைய 'முதலாம் மாச்சுஷ் ராஜா' நாவலில், தகப்பனார் இறந்ததும் பட்டத்துக்கு வரும் சிறுவன் குழந்தைகளுக்கென்றே ஒரு பார்லிமெண்டு கூட்டுகிறான். பெரியவர்கள் பள்ளிக்கூடம் போகட்டும், வேலைகளை நாங்கள் பார்க்கிறோம் என்று அது தீர்மானம் போடுகிறது. நாடு குட்டிச்சுவராகிறது. எதிரிகள் புகுந்து, ராஜாவைத் தீவாந்தரம் அனுப்பிவிடுகிறார்கள்.

விறுவிறுப்பான கதைதான். (ஆப்பிரிக்கர்கள் வரும் பக்கங்களை மட்டும் இன்று முகம் சுளிக்காமல் படிக்க முடியாது.) ஆனாலும் எனக்குத் திருப்தியில்லை. அந்தப் பார்லிமெண்டில் குழந்தைகள் கேட்கிறார்கள், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எதிராளிக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் கேட்ட பிறகே தீர்ப்பு என்பது அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. உரிமை வந்துவிட்டது; சட்டம் வரவில்லை.

அந்தச் சட்டத்தை இதே மனிதர் வேறிடத்தில் எழுதியிருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. வார்ஸாவில் 1912-ல் திறந்த யூத அனாதைக் குழந்தைகள் விடுதியை அவர் நடத்தினார். அங்கே குழந்தைகளின் கோர்ட்டு ஒன்று இருந்தது. அந்த வாரம் தன்மேல் பிராது இல்லாத பிள்ளைகளுக்குள் சீட்டுப் போட்டு ஐந்து நீதிபதிகளை எடுப்பார்கள். சட்டப் புத்தகத்தின் முதல் 99 ஷரத்துக்களும் மன்னிப்பு அல்லது தள்ளுபடி. மன்னிக்காமல் விடுவது நூறாவதில்தான் தொடங்கும். ஆயிரமாவது ஷரத்து, விடுதியை விட்டே வெளியேற்றுவது. டாக்டரும் அரை வருஷத்தில் ஐந்து முறை தன்மேல் தானே பிராது கொடுத்துக்கொண்டார். ஒரு பையனைக் காதோடு அறைந்ததற்காக ஒரு தடவை. ஒரு சிறுமியைத் திருடி என்று சந்தேகித்ததற்காக இன்னொரு தடவை. கை ஓங்கிய பெரியவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை அந்தப் பையன் எந்தக் கையேட்டிலும் தேட வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் சுமுகமாக நடந்ததென்று நினைக்க வேண்டாம். சில பிள்ளைகள் கோர்ட்டைக் கேலிக்கூத்தாக்கவே, கோர்ச்சாக் அதைச் சில வாரம் மூடிவிட்டார். மறுபடி திறந்தபோது உரிமைகளைக் குறைக்காமல் கூட்டினார்: தீர்ப்பின்மேல் அப்பீல் உண்டு, பெரியவர்கள்மேல் குழந்தைகள் பிராது கொடுக்கலாம். எனக்கு இந்த இடம் நாவல் முழுவதையும்விடப் பெரிதாகப் படுகிறது.

1942 ஆகஸ்டில் நாஜிகள் அவரையும் சுமார் 200 குழந்தைகளையும் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகளின் உரிமைக்கு உலக உடன்படிக்கை வேண்டுமென்று 1978-ல் ஐ.நா.வில் முன்மொழிந்தது போலந்துதான். 1989-ல் அது நிறைவேறிற்று. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. அதன் 42-வது ஷரத்து, இவற்றைப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தெரிவிப்பது சர்க்காரின் பொறுப்பு என்கிறது.

மாச்சுஷைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். கோர்ட்டின் சட்டங்கள் 'குழந்தையை நேசிப்பது எப்படி' என்ற அவருடைய இன்னொரு புத்தகத்தில் இருக்கின்றன. அதை முதலில் அப்பாவும் அம்மாவும் படிக்கட்டும்.